லசான்யா யாருடையது? எல்லைப்புறத்திலிருந்து சில குறிப்புகள்

ஓசூர் பாகலூர் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் உணவகம் ஒன்றின் வாசற் பலகையில் 'லசாக்னா - 380 ரூபாய்' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டு மாடி அறையில் வேறு மூன்று பெண்களோடு வாடகைக்கு இருப்பவள், செல்போன் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் வேலை பார்க்கிறவள், அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்: "அண்ணா, லசாக்னான்னா என்னாது? எந்த ஊரு சாப்பாடு?"

"லசான்யான்னு சொல்லணும். இத்தாலி" என்றேன். உச்சரிப்பைத் திருத்துகிற புத்தி நமக்கு முந்திக்கொள்கிறது.

"அங்க எல்லாரும் துன்றதா, இல்ல காசுக்காரங்க துன்றதா?"

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடத் தொடங்கியபோது முதல் கேள்விக்குச் சொன்ன பதிலும் கையில் நிற்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் விளைவு. சாப்பாட்டைப் பற்றி இங்கே எதற்கு என்று கேட்கப்போகும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

'எந்த ஊர்?' என்பது இந்தப் பகுதியில் வெறும் விசாரிப்பாக இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரியை முன்வைத்து பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோதும், மறுபடி 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தபோதும் உயிருக்கு விலை வைத்த கேள்வி அது. 2016ல் அத்திப்பள்ளியில் வண்டிகள் நின்றுபோக, மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் ஜுஜுவாடி வரை நடந்தே வந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவன் அந்தக் கேள்விக்கு எந்த ஊரைச் சொல்வான்? ஆகவே ஒரு பண்டத்தைச் சுட்டி 'இது இன்னாருடையது' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கும்போது நாம் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அது சோதனைச் சாவடியின் மொழி.

முதலில், சாப்பிட்டிராதவர்களுக்கு: மாவைப் பிசைந்து தகடாகத் தேய்த்து, அகலப் பட்டைகளாக வெட்டி, வெந்நீரில் அரை வேக்காடாக எடுக்கிறார்கள். தட்டத்தில் ஒரு பட்டை வரிசை, அதன்மேல் மணிக்கணக்கில் சுண்டவைத்த கொத்துக்கறிக் குழம்பு, அதன்மேல் வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கிளறிய வெள்ளைக் கூழ், துருவிய பாலாடைக்கட்டி, மறுபடி பட்டை. இப்படி நாலைந்து அடுக்கு. பிறகு அடுப்புக்குள், நாலாபக்கமும் சூடு சூழும்படி, மேல் தோல் சிவந்து ஓரம் முறுகும்வரை வேகவிட்டு, சதுரமாக வெட்டிப் பரிமாறுவது. இது இத்தாலியின் வடக்கே போலோன்யா நகரத்து வழக்கம். மாவிலேயே பசலை போன்ற கீரையை அரைத்துச் சேர்ப்பதால் பட்டை பச்சையாக இருக்கும். தெற்கே நேப்பிள்ஸில் வெள்ளைக் கூழ் கிடையாது. அங்கே ரிக்கோட்டா என்கிற பால்திரட்டு, சின்னச் சின்னக் கறியுருண்டை, அவித்த முட்டை, தக்காளிக் குழம்பு. நாற்பது நாள் நோன்பு தொடங்குமுன் வரும் கார்னிவல் கொண்டாட்டத்தில் கொழுப்பையெல்லாம் தின்றுதீர்க்கிற பண்டம். ஒரே பெயருக்குள் இரண்டு சாப்பாடு.

பெயரைத் தோண்டினால் வேடிக்கை. கிரேக்கத்தில் 'லாகனோன்' என்பது தட்டையான மாவுத்தகடு; லத்தீனில் 'லாகனும்'. இன்னொரு வழியாகப் போகிறவர்கள் 'லசானும்' என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். அதற்குச் சமையல் பாத்திரம் என்றும் பொருள், இரவில் ஒதுங்கும் சட்டி என்றும் பொருள். ரோமானியக் கவி ஹொராஸ் தன் அங்கதப் பாடல் ஒன்றில் இரண்டையும் சொல்கிறார். அடிமைகள் சுமந்துவரும் சட்டியாக 'லசானும்'. தான் வீடு திரும்பிச் சாப்பிடும் எளிய இரவுணவில், லீக் பூண்டும் கொண்டைக்கடலையும் சேர்ந்த 'லாகனும்'. சில வரிகள்தாம் இடைவெளி. பாதாம் இனிப்பைக் குறிக்கும் 'லவ்ஸினஜ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1971ல் நீட்ஷேயை வாசித்தபடி ஃபூக்கோ எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: தொடக்கத்தைத் தேடிப் போனால் அங்கே தூய அடையாளம் எதுவும் உட்கார்ந்திருக்காது, ஒன்றோடொன்று ஒட்டாத பொருட்களின் குவியல்தான் இருக்கும். அவர் அரண்மனைகளையும் சிறைகளையும் மனதில் வைத்து எழுதியிருக்கலாம். கழிவறைச் சட்டிக்கும் பொருந்துகிறது.

13ஆம் நூற்றாண்டில் பார்மா நகரத்துத் துறவி சலிம்பேனே எழுதிய நாட்குறிப்பில், பாலாடைக்கட்டி போட்ட லசான்யாவை ஆசை ஆசையாக அடித்துத் தின்னும் ஒரு பருத்த துறவி வருகிறார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நேப்பிள்ஸின் ஆன்ஷு அரசவையோடு தொடர்புபடுத்தப்படும் 'லிபெர் தெ கோக்கினா' என்ற லத்தீன் சமையல் நூல் செய்முறையே தருகிறது: புளித்த மாவை மெல்லிசாகத் தேய்த்து மூன்று விரற்கடைச் சதுரங்களாக வெட்டு, கொதிநீரில் வேகவை, பாலாடைக்கட்டியும் வாசனைப்பொடியும் இடையிடையே தூவி அடுக்கு, கூர்மையான மரக்குச்சியால் குத்தித் தின்னு. முள்கரண்டிக்கு முந்திய காலம். ஏறக்குறைய 1390ல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் தொகுத்த நூலிலும் 'லோசின்ஸ்' என்று இதே போன்ற ஒன்று; காகிதம் போல மெல்லிசாகத் தேய்க்கச் சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு 2003ல் 'லசான்யா எங்களுடையது' என்று பிரிட்டனில் சிலர் கிளம்ப, இத்தாலியத் தூதரகம் வரை போய்ச் சின்ன ரகளை. இரு தரப்பும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தப் பழைய லசான்யாக்கள் எதிலும் தக்காளி கிடையாது, வெள்ளைக் கூழும் கிடையாது. அடுப்புக்குள்ளும் போகவில்லை.

தக்காளி மெக்சிகோவின் நவாத்தில் மொழிப் பெயரோடு, ஸ்பானியரின் கொள்ளைக் கப்பலேறி வந்தது. டஸ்கனியில் அதைப் பற்றிய முதற்பதிவு 1548. அப்புறமும் வெகுகாலம் அதை வாயில் வைக்கப் பயந்தார்கள். 1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி அச்சிட்ட நூலில்தான் தக்காளிக் குழம்பு வருகிறது, அதுவும் 'ஸ்பானிய முறை' என்ற பெயரில். தக்காளி சேர்ந்த லசான்யா அச்சில் தென்படுவதற்கு 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. வெள்ளைக் கூழுக்குப் பதினான்காம் லூயியின் அரண்மனைக் காரியஸ்தர் ஒருவரின் பெயர். அதையும் எங்கள் இளவரசி கதரீன் தெ மெதிச்சிதான் பிரான்சுக்குச் சீதனமாகக் கொண்டுபோனாள் என்று இத்தாலியர் கட்டிய கதை ஒன்று உண்டு. ஆதாரம் கிடையாது. சீதனக் கதைகளுக்கு எந்த ஊரிலும் ஆதாரம் கேட்பதில்லை.

சரி, அப்படியானால் 'இத்தாலிய லசான்யா' என்பது எப்போது உண்டாயிற்று? இத்தாலி உண்டானபோது என்றுதான் சொல்ல வேண்டும். இரு சிசிலிகளின் ராஜ்யத்துக் கடைசி அரசன் பிரான்செஸ்கோவுக்கு லசான்யா மேல் இருந்த பிரியத்தால் அப்பனே 'லசா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தான். அவனைத் தோற்கடித்து 1861ல் ஒருங்கிணைந்த இத்தாலி எழுந்தபோது, மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோவின் கணக்குப்படி, இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு. தேசம் வந்துவிட்டது, தேசத்தாரைக் காணோம். 1891ல் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்ற பட்டு வணிகர், பதிப்பாளர் கிடைக்காமல் சொந்தக் காசில் ஒரு சமையல் புத்தகம் போட்டார். பதிப்புக்குப் பதிப்பு வீங்கி 475 குறிப்புகள் 790 ஆயின. நாட்டை ஒன்றுசேர்ப்பதில் மன்ஸோனியின் நாவலைவிட அந்தப் புத்தகம் அதிகம் சாதித்தது என்பது பியரோ கம்பொரேசியின் புகழ்பெற்ற வாதம். நம்மூரில் இதே வேலையை ஆங்கிலத்தில் வந்த சமையல் புத்தகங்கள் நடுத்தர வர்க்கத்துக்குச் செய்ததை அர்ஜுன் அப்பாதுரை 1988ல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார்.

புத்தகத்துக்குப் பிறகு பதிவேடு. போலோன்யா வர்த்தக சபையில் 1972ல் தாலியத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தாவின் அகலத்தைப் பதிந்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்தார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். 1982ல் கறிக்குழம்பு, 2003ல் பச்சை லசான்யா என்று 'அதிகாரபூர்வ' செய்முறைகள் அடுத்தடுத்துப் பதிவாயின. ஹாப்ஸ்பாம் 1983ல் 'மரபைக் கண்டுபிடித்தல்' என்று பெயரிட்டது இதைத்தான். வெகுதூரம் போகவேண்டாம். 2020ல் கர்நாடக மாநில ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட்டில் வரும் பரோட்டா ரொட்டி வகையைச் சேராது, 5 அல்ல 18 விழுக்காடு வரி என்றது. ரொட்டிக்கும் பரோட்டாவுக்கும் நடுவில் கோடு கிழித்தது ஓர் அலுவலகம். 2025 செப்டம்பரில் அந்த வரியை முழுதாக நீக்கியதும் அதேபோல் ஒரு கூட்டத்தின் முடிவுதான். இடைப்பட்ட ஐந்து வருஷமும் சிப்காட் வாசலில் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவனுக்குத் தட்டில் விழுந்தது ஒரே பரோட்டாதான், அதே மைதா, வீசி மடித்த அதே அடுக்கு.

அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யார் தின்றார்கள்?

நூல்களில் இருப்பவை அரசவைச் சமையல். இத்தாலிய விவசாயி, குறிப்பாகத் தெற்கத்தியான், வருஷத்தில் பெரும்பாலான நாள் தின்றது கறுத்த ரொட்டியும் பயறும் காட்டுக்கீரையும். வடக்கே சோளக்களி. அதை மட்டுமே தின்று பெல்லாக்ரா என்னும் சத்துக்குறை நோயில் தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். முட்டை போட்ட மாவும் இறைச்சியும் கட்டியும் சேர்ந்த லசான்யா பண்டிகைக்கு ஒருநாள், இல்லாவிட்டால் பண்ணையார் வீட்டு விசேஷத்தில் வாசனை மட்டும். 1880க்கும் முதல் உலகப் போருக்கும் நடுவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்த நாட்டை விட்டுக் கப்பலேறியது சும்மா இல்லை. ஹாசியா டைனர் தன் நூலில் (2001) காட்டுவது முக்கியமானது: அமெரிக்கா போய்ச் சேர்ந்த அந்த ஏழைகள் அங்கே ஊர்ச் சாப்பாட்டைத் திரும்பச் செய்யவில்லை. ஊரில் தங்களுக்கு மறுக்கப்பட்ட சாப்பாட்டைச் செய்தார்கள். பண்ணையாரின் பண்டிகைத் தட்டு தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைத் தட்டாயிற்று. கறி மலிவு, மைதா மலிவு, தகரடப்பாவில் தக்காளி. நாம் இன்று 'இத்தாலிய உணவு' என்று அறிவதில் பெரும்பகுதி இந்தப் பழிதீர்ப்பிலிருந்து வந்தது. பிறகு உறைபெட்டிக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. 1978ல் தொடங்கிய கார்ஃபீல்டு கேலிச்சித்திரத்தில் ஒரு சோம்பேறிப் பூனை லசான்யாவுக்கு அலைந்து உலகமெல்லாம் அதைப் பிரபலமாக்கியது தனிக்கதை.

அதன் ஈர்ப்பும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ருசி நிபுணர்கள் முறுகிய ஓரத்தையும் இளகிய நடுவையும் சொல்வார்கள். இருக்கட்டும். அதைத் தனி ஆளுக்குச் செய்ய முடியாது. தட்டம் நிறையத்தான் செய்ய வேண்டும். முந்தின நாளே அடுக்கிவைக்கலாம், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கொஞ்சம் கறியைப் பத்துப் பேருக்கு இழுத்துவிடும். ஷிப்டு முடிந்து பிந்தி வருகிறவளுக்குச் சூடு ஆறாமல் காத்திருக்கும். ஆலையில் வேலை பார்க்கிற குடும்பத்துக்குத் தோதான பண்டம்.

நம் பக்கத்துப் பாட்டிகளுக்கு இது புதிதல்ல. தினமும் ராகிக் களி, நாள்கிழமைக்கு நெல்லுச்சோறு. கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கடி, தமிழில் களி. ஒரே உருண்டை, மூன்று பெயர், எல்லையின் இரு பக்கமும் ஒரே பசி. ரேஷனில் அரிசி வந்த பிறகு களி தின்பது வெட்கமாயிற்று. இப்போது சர்க்கரை வியாதிக்காரர்களுக்காக அது உயர்ந்த ஓட்டல் பட்டியலில் ஏறியிருக்கிறது. ராகியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதை எந்த மாநிலத்தவரும் உரக்கச் சொல்வதில்லை.

பாஸ்தாவைத் தேசச் சின்னமாகப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். அதை ஒழிக்கக் கிளம்பியவர்களும் தேசியவாதிகளே. 1930 டிசம்பர் 28 அன்று டூரின் நாளேடு ஒன்றில் மரினெத்தி வெளியிட்ட எதிர்காலவாதச் சமையல் அறிக்கை, பாஸ்தா இத்தாலியனை மந்தமாக்குகிறது, போருக்கு லாயக்கில்லாதவனாக்குகிறது, அதை விட்டுவிட்டு அரிசிக்கு மாறுங்கள் என்றது. 1925லிருந்து முசோலினி நடத்திய 'கோதுமைப் போர்', வெளிநாட்டுக் கோதுமைக்குப் போகும் பணம் எல்லாம் பின்னணியில் இருந்தன. (அரிசி தின்றால் வீரம் வரும் என்று ஒருத்தன் சொல்லியிருப்பது நம்மூரில் பலருக்கு ஆறுதலாக இருக்கலாம்.) அதே டூரினின் ஆலைத் தொழிலாளர் நடுவில் உருவானவர் கிராம்ஷி. 1926ல் கைதாவதற்குச் சற்றுமுன் எழுதி முடிக்காமல் விட்ட 'தெற்கத்தியப் பிரச்சினை' கட்டுரையில், தெற்கு விவசாயி பிறவிச் சோம்பேறி, நாட்டைக் கீழே இழுக்கும் ஈயக்குண்டு என்று வடக்குத் தொழிலாளியே நம்பவைக்கப்பட்டிருப்பதைப் பேசுகிறார். ஆலைக்காரனும் குடியானவனும் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்க்கும்வரை இருவருக்கும் விடிவில்லை என்பது அவர் வாதம்.

ஓசூரில் உட்கார்ந்து இதை வாசிப்பது வேறு அனுபவம். 1970களில் சிப்காட் வந்தது. பிறகு லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். இப்போது மின்னணு ஆலைகள். ஆலைச் சுவரை ஒட்டியே ரோஜா, முட்டைகோஸ், தக்காளி. விடுதிகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள். அவர்களைப் பற்றி நம் தொழிலாளிகள் பேசுவதைக் கேட்டால், கிராம்ஷி எழுதியது எத்தனை பழசு என்று நினைக்கத் தோன்றாது.

ஓர் எச்சரிக்கை. பல இடத்துப் பொருள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது என்றதும் 'கலப்பு', 'பன்மை' என்று கொண்டாடக் கிளம்பிவிடுகிறோம். அடுக்கு என்பது அத்தனை அப்பாவியான சொல் இல்லை. சாதியை ஏணிப்படி போன்ற படிநிலைச் சமத்துவமின்மை என்றார் அம்பேத்கர், அதுவும் அடுக்குதான். தட்டத்தில்கூட மேலடுக்குக்குக் கட்டி, கீழடுக்குக்குக் கருகல். நம் தெருக்கோடிப் பேக்கரியைப் பாருங்கள். 1898ல் ஹாசன் பக்கத்து ஐயங்கார் குடும்பமொன்று பெங்களூர் சிக்பேட்டையில் ரொட்டி சுடத் தொடங்கியது. வெள்ளைக்காரன் ரொட்டி, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பண்டம், முட்டையில்லாமல், சாதிப்பெயர் தாங்கிய பலகையோடு ஊரெல்லாம் பரவியது. ஓசூரில் அந்தப் பலகை இல்லாத தெரு குறைவு. அங்கே யாரும் 'இது எந்த ஊர்ச் சாப்பாடு' என்று கேட்பதில்லை. பூர்வீகம் கேட்கப்படாமலிருப்பதும் ஒரு சலுகை. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்து பார்த்தோம். மாடிப் பெண்கள் நால்வரும் வந்தார்கள். அடுப்பு ஏது? அந்தக் காலத்தில் கேக் செய்ததைப் போல, பழைய குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே அலுமினியத் தட்டம். மைதாவைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தது ஒடிசாவிலிருந்து வந்த பெண். காகிதம் போல மெல்லிசாக வந்தது. கறிக்குழம்பில் இவர்கள் பட்டை, சோம்பு போட்டதைப் போலோன்யா வர்த்தக சபை ஒத்துக்கொள்ளாது. மேல்தோல் சிவக்கவே இல்லை. அடி பிடித்துவிட்டது. ஆனாலும் தட்டம் காலியாயிற்று.

கேள்வி கேட்டவளின் அம்மா அன்று ஊரிலிருந்து வந்திருந்தார். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கக் கூலிக்குப் போகிறவர். பல் இரண்டு மூன்றுதான் பாக்கி. மெதுவாக, நடுத்துண்டாகப் பார்த்துச் சாப்பிட்டார். மகளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். மகள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எவ்ளோ தக்காளி போட்டீங்கன்னு கேக்குதுண்ணா. கடையில 380ன்னு சொன்னேன். நேத்து மண்டியில கிரேட்டு 170க்குத்தான் போச்சாம். அப்ப ரெண்டு கிரேட்டுக்கு மேலயா ஒரு தட்டுங்குது."

அம்மா இன்னொரு துண்டு கேட்டார். ஓரம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.